முன் சீட்டில் மூன்று பேர்!

ஒரு காரின் பெயர் தலைமுறைகளைத் தாண்டி நிற்பது அபூர்வம். நம் ஊரில் அம்பாஸடர் அப்படி நின்றது. அமெரிக்காவில் அப்படி நின்ற பெயர்களில் ஒன்று 'செவர்லே மாலிபு'. 1964 மாடலாக அறிமுகமாகி, நடுவில் சில வருடங்கள் ஓய்வெடுத்து, மறுபடியும் வந்து, ஒரு கோடிக்கும் மேல் விற்ற பெயர் அது. 2024 நவம்பரில் கான்ஸஸ் மாநிலத்துத் தொழிற்சாலையில் மாலிபு தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்று அமெரிக்க கார் உலகில் மூன்று பெரிய வீடுகள் உண்டு. சாதாரணக் குடும்பம் வாங்கும் நடுத்தர அளவு செடான் கார் ஒன்றுகூட இன்று இந்த மூன்று வீடுகளிலும் இல்லை. ஒரு காலத்தில் அமெரிக்கத் தெருக்களில் வீட்டுக்கு வீடு நின்றிருந்த வண்டி அது. அப்பா வேலைக்குப் போனது, அம்மா மளிகை வாங்கியது, பிள்ளை டிரைவிங் பழகியது எல்லாமே அதில்தான்.

அந்த வண்டிகளைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். காரே பிடிக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். இது குடும்பக் கதை!

'நடுத்தரம்' என்றால் எவ்வளவு நீளம்?

1950-களில் அமெரிக்க கார்கள் வருடா வருடம் வளர்ந்துகொண்டே போயின. நீளம் கூடியது, அகலம் கூடியது, பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி தகடுகள் முளைத்தன. 'பெரிய கார் வாங்கினால் பெரிய மனிதர்' என்பது ஊர் வழக்கம்.

இதைக் கிண்டல் செய்தவர் ஜார்ஜ் ராம்னி. 'அமெரிக்கன் மோட்டார்ஸ்' என்ற சிறிய கம்பெனியின் தலைவர். பெரிய கார்களை பெட்ரோல் குடிக்கும் டைனோசர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், 'ராம்ப்ளர்' என்ற அடக்கமான காரை விற்றும் காட்டினார். 1961-ல் ராம்ப்ளர் நாட்டிலேயே விற்பனையில் மூன்றாம் இடம் பிடித்தது. இந்த ராம்னி பிறகு மிச்சிகன் மாநில கவர்னரானார். 2012-ல் ஒபாமாவை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்ற மிட் ராம்னி இவருடைய மகன்.

சின்ன காருக்கும் ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும், பெரிய கம்பெனிகளும் 1960 வாக்கில் சின்ன கார்களை இறக்கின. ஆனால் மூன்று குழந்தைகள் உள்ள வீட்டுக்குச் சின்ன கார் போதவில்லை. பெரிய காரோ வீட்டு பட்ஜெட்டில் அடங்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் ஃபோர்டு 1962-ல் 'ஃபேர்லேன்' காரை நிறுத்தியது. 1964-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே எலும்புக்கூட்டின் மேல் நான்கு சகோதரர்களை உருவாக்கியது. செவர்லேயில் 'ஷெவல்', பான்டியாக்கில் 'டெம்பஸ்ட்', ஓல்ட்ஸ்மொபைலில் 'கட்லஸ்', ப்யூக்கில் 'ஸ்கைலார்க்'. அந்த ஷெவல் காரின் உயர்ந்த ரகத்துக்கு வைத்த பெயர்தான் மாலிபு. கிரைஸ்லர் வீட்டிலிருந்து 'பெல்வெடீர்', 'கோரோனெட்' வந்தன.

நடுத்தரம் என்றதும் நம் ஊர் அளவில் கற்பனை செய்துவிடாதீர்கள். ஃபேர்லேன் சுமார் 5 மீட்டர் நீளம். நம் அம்பாஸடர் 4.3 மீட்டர், மாருதி 800 வெறும் 3.3 மீட்டர்! 1970-களின் நடுவில் இதே நடுத்தர வகை ஐந்தரை மீட்டர்வரை நீண்டுவிட்டது. அமெரிக்கர்களுக்கு அதுதான் மிதம்!

சோபாவுக்குச் சக்கரம்

அந்தக் கார்களில் ஏறியவர்கள் முதலில் சொல்வது என்ஜினைப் பற்றி அல்ல, சீட்டைப் பற்றித்தான். முன்பக்கம் தனித்தனி இருக்கைகள் கிடையாது. கதவிலிருந்து கதவுவரை ஒரே நீளமான சீட். கியர் கம்பி ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருந்ததால் நடுவில் கால் வைக்கத் தடை இல்லை. முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர் என்று ஆறு பேர் தாராளமாகப் போகலாம்.

முன் சீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே உட்காரும் இடத்துக்கு வீட்டில் பெரிய போட்டி நடக்கும். கடைக்குட்டிக்குத்தான் பெரும்பாலும் அந்த யோகம். காதலர்களுக்கோ வேறு கணக்கு. டிரைவ்-இன் தியேட்டரில் காரில் இருந்தபடியே படம் பார்க்கும்போது, நடுவில் கைப்பிடியோ பெட்டியோ இல்லாத சீட் எவ்வளவு வசதி என்பதை விளக்கத் தேவையில்லை!

வெயில் காலத்தில் அந்த ரெக்ஸின் சீட் தோசைக்கல் மாதிரி சுடும். அரை டிராயர் போட்ட பையன்கள் தொடையைத் தூக்கித் தூக்கி உட்காருவார்கள். ஏ.சி. எல்லா வண்டியிலும் இல்லை. ஜன்னலை இறக்கிவிட்டால் அதுதான் ஏ.சி.

ரேடியோ ஒன்றே ஒன்று. அப்பா செய்தி கேட்பார், மகள் பாட்டு வை என்பாள், பாட்டி சத்தத்தைக் குறை என்பார். கார் தயாரான டெட்ராய்ட் நகரிலேயே அந்தப் பாட்டும் தயாரானது. பெர்ரி கோர்டி என்ற இளைஞர் அங்கே கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1959-ல் ஒரு இசை நிறுவனம் தொடங்கினார். 'மோட்டார் டவுன்' என்ற ஊர்ப்பெயரைச் சுருக்கி அதற்கு 'மோடவுன்' என்று பெயர் வைத்தார். ஸ்டீவி வொண்டர், ஜாக்ஸன் 5 எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள்தான். கார் ரேடியோவில் எப்படிக் கேட்கும் என்று சின்ன ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் பார்த்த பிறகே பாட்டை வெளியிடுவார்களாம். அந்த முன் சீட்டில் இருந்து கேட்பவர்கள்தான் அவர்களுடைய ரசிகர்கள்.

குழந்தைகள் அதிகம் என்றால் 'ஸ்டேஷன் வேகன்'. டிக்கியும் காரும் ஒன்றாகிவிட்ட நீள வண்டி. ஓல்ட்ஸ்மொபைல் 'விஸ்டா க்ரூஸர்' வேகனில் கூரையிலேயே கண்ணாடி வைத்திருந்தார்கள். பின்னால் உட்கார்ந்த பிள்ளைகள் மேகத்தையும் மரக்கிளையையும் பார்த்தபடி போகலாம்.

அப்பா காரில் ஒளிந்திருந்த புலி

இப்படிச் சாதுவாக இருந்த குடும்ப காருக்குள் புலியை நுழைத்தவர்கள் பான்டியாக் கம்பெனியின் சில என்ஜினீயர்கள்.

நடுத்தர கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை கட்டுப்பாடு போட்டிருந்தது. பான்டியாக்கின் தலைமை என்ஜினீயர் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் அதில் ஒரு சந்தைக் கண்டுபிடித்தார்கள். கட்டுப்பாடு புது மாடல்களுக்குத்தானே? ஏற்கெனவே இருக்கும் டெம்பஸ்ட் காருக்கு, விருப்பப்பட்டவர்கள் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கும் பொருட்கள் பட்டியலில் பெரிய என்ஜினைச் சேர்த்துவிட்டால்? சுமார் 300 டாலர் கூடக் கொடுத்தால் 389 கன அங்குல என்ஜின். அதற்குப் பெயர் 'ஜி.டி.ஓ.' அந்தப் பெயரையும் ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஃபெராரி ரசிகர்கள் கொதித்தது தனிக்கதை.

389 கன அங்குலம் என்றால் நம் கணக்கில் சுமார் 6,370 சி.சி. எட்டு மாருதி 800 கார்களின் என்ஜின்களை ஒன்றாகக் கட்டினால் வரும் அளவு!

முதல் வருடம் 5,000 வண்டி விற்றால் போதும் என்று மேலிடம் அரைமனதாகச் சம்மதித்தது. விற்றது 32,450. 1966-ல் அது கிட்டத்தட்ட 97,000 ஆனது. வெளியிலிருந்து பார்த்தால் அப்பாவின் ஆபீஸ் கார். சிக்னலில் பச்சை விழுந்தால்தான் விஷயம் தெரியும். இந்த டிலோரியன்தான் பின்னாளில் தன் பெயரிலேயே ஒரு கார் செய்தார். 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் காலத்தைத் தாண்டிப் பறக்குமே, அதுதான்.

பான்டியாக்கைப் பார்த்து எல்லா கம்பெனியும் களத்தில் இறங்கின. என்ஜின் வேகம் ஏறியது, விலையும் ஏறியது. இளைஞர்களால் வாங்க முடியவில்லை. 1968-ல் ப்ளிமத் கம்பெனி வேறு மாதிரி யோசித்தது. சொகுசை எல்லாம் உருவிவிட்டு, என்ஜினை மட்டும் பலமாக வைத்து, கார்ட்டூனில் ஓநாய்க்கு டிமிக்கி கொடுத்து ஓடும் பறவையின் பெயரை அந்தக் காருக்குச் சூட்டியது. அதுதான் 'ரோடு ரன்னர்'. பெயருக்காக வார்னர் பிரதர்ஸுக்குக் கொடுத்தது 50,000 டாலர். ஹாரன்கூட அந்தப் பறவை மாதிரியே 'பீப் பீப்' என்று கத்தும்!

அடிப்படை விலை 2,896 டாலர். அந்த வருடம் நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் சுமார் 8,600 டாலர். அதாவது நான்கு மாத வருமானத்தில் ஒரு புது கார். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நீங்கள் பார்த்த படங்களில்

இந்த கார்களின் பெயர் தெரியாவிட்டாலும் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1974-ல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படம் 'தி மேன் வித் தி கோல்டன் கன்'. அதில் வில்லனின் காருக்கு இறக்கை முளைத்துப் பறக்கும். அது அமெரிக்கன் மோட்டார்ஸின் நடுத்தர கார் 'மேட்டடார்'. அதே படத்தில் உடைந்த பாலத்தின் மேல் கரணம் அடித்து மறுகரையில் இறங்குவது அதே கம்பெனியின் சின்ன கார் 'ஹார்னெட்'. கணினியில் கணக்குப் போட்டு ஒரே டேக்கில் எடுத்தார்கள்.

1979 முதல் 1985 வரை அமெரிக்க டி.வி.யில் ஓடிய 'தி ட்யூக்ஸ் ஆஃப் ஹசார்ட்' தொடரில் ஆரஞ்சு நிற டாட்ஜ் 'சார்ஜர்' வாரா வாரம் தாவும். தாவிய கார் பிறகு உதவாது. தொடர் முடிவதற்குள் சுமார் 300 சார்ஜர்கள் பலியாயின.

க்ளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'கிரான் டொரினோ' 2008-ல் வந்தது. ஃபோர்டு தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்ற கிழவர், பக்கத்து வீட்டு ஆசியக் குடும்பம், கராஜில் பளபளக்கும் ஒரு 1972 மாடல் ஃபோர்டு. தெரு மாறிவிட்டது, பிள்ளைகள் விலகிவிட்டார்கள், அந்தக் கார் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி புரிந்திருக்கும்.

எனக்குப் பிடித்தது 1992-ல் வந்த 'மை கசின் வின்னி'. கொலைப்பழி விழுந்த இரண்டு பையன்களை, ஒரு பெண் மெக்கானிக்கின் கார் அறிவு காப்பாற்றும். ரோட்டில் பதிந்த டயர் தடத்தைப் பார்த்து, இது 1964 ப்யூக் ஸ்கைலார்க் அல்ல, அதே மாதிரி தோற்றமுள்ள 1963 பான்டியாக் டெம்பஸ்ட் என்று கோர்ட்டில் நிரூபிப்பாள். ஒரு காரின் பின்சக்கரம் எப்படித் திரும்பும் என்பதுதான் க்ளைமாக்ஸ்! அந்தப் பாத்திரத்துக்காக மரிசா டொமேக்கு ஆஸ்கர் கிடைத்தது.

ஆல்பத்தில் ஒரு கார்

1965-ல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. அதன் பிறகு டாக்டர்களும் என்ஜினீயர்களும் மேல்படிப்பு மாணவர்களுமாக நம்மவர்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். அவர்கள் அந்த நாட்களில் ஊருக்கு அனுப்பிய போட்டோக்களைப் பார்த்திருக்கிறீர்களா? முழங்கால்வரை பனி. பட்டுப்புடவைக்கு மேல் கம்பளிக் கோட்டு. பின்னால், போட்டோவுக்குள் முழுசாக அடங்காத ஒரு நீளமான கார்.

பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் வண்டியாக இருக்கும். எங்கேயாவது துரு பிடித்திருக்கும். ஆனால் ஊரில் சைக்கிள்கூட இல்லாத வீட்டுப் பிள்ளை அதன் பானெட்டில் கை ஊன்றி நிற்கும்போது, அந்த ஒரு படமே நூறு கடிதத்துக்குச் சமம். 'நான் நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதீர்கள்' என்று அப்பா அம்மாவுக்கு அந்தக் கார் சொன்னது.

பொன்னான காலமா?

பழைய கார் என்றதும் 'அந்தக் காலத்து இரும்பு, இப்போது எல்லாம் தகரம்' என்று ஒரு பெரியவர் சொல்வார். இரும்பு என்பது உண்மைதான். அது யாரைக் காப்பாற்றியது என்பதையும் பார்க்க வேண்டும்.

1968 வரை எல்லா இருக்கைக்கும் சீட் பெல்ட் என்ற சட்டமே அமெரிக்காவில் இல்லை. ஸ்டீயரிங் தண்டு வளையாத கம்பி. மோதினால் அது ஓட்டுபவரின் மார்பில் பாயும். டேஷ்போர்டு வெறும் தகடு. முன் சீட்டின் நடுவில் உட்கார்ந்த கடைக்குட்டியைத் தடுத்து நிறுத்த அம்மாவின் இடது கை மட்டும்தான் இருந்தது. 1965-ல் ரால்ஃப் நாடர் என்ற இளம் வழக்கறிஞர் கார்களின் ஆபத்தைப் பற்றிப் புத்தகம் எழுதி நாட்டை உலுக்கினார். அடுத்த வருடமே பாதுகாப்புச் சட்டம் வந்தது. இருந்தும் 1972-ல் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் 54,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஓடும் மைல் கணக்கில் பார்த்தால், 1966-ல் இருந்த மரண விகிதத்தில் இப்போது கால் பங்குதான்.

2009-ல் ஒரு சோதனை நடந்தது. அமெரிக்க இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 1959 மாடல் செவர்லே பெல் ஏரையும் 2009 மாடல் மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய காரின் இரும்பு உள்ளே மடிந்து, ஓட்டுநர் பொம்மையை நசுக்கிவிட்டது. உண்மையான மனிதர் என்றால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில் அடி, அவ்வளவுதான். 'தகரம்' ஜெயித்தது.

புகையையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ரோட்டோரம் விளையாடிய குழந்தைகள் அதைத்தான் சுவாசித்தார்கள். ஆகவே, அந்த கார்களை நேசிப்போம். அந்தக் காலமே திரும்பட்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டாம்.

பெட்ரோல் வற்றியது, ஜன்னல் மூடியது

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தன. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் மைலேஜ் தந்த கார்கள் பெட்ரோல் பங்க் வாசலில் மைல் கணக்கில் வரிசை கட்டின. பல மாநிலங்களில் நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று பார்த்து பெட்ரோல் ஊற்றினார்கள்.

ஆனால் மனிதர்களின் மறதியைப் பாருங்கள். நெருக்கடி தணிந்ததும் எல்லோரும் பழைய ருசிக்கே திரும்பினார்கள். 1976-ல் அமெரிக்காவில் அதிகம் விற்ற கார், ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ்! அதற்கடுத்த வருடம் 6 லட்சத்துக்கும் மேல் விற்றது. நடுத்தர காரின் உச்சம் அதுதான்.

அரசாங்கம் மறக்கவில்லை. 1975-ல் மைலேஜ் சட்டம் வந்துவிட்டது. 1978-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் நடுத்தர கார்களை இளைக்க வைத்தது. அதில் ஒரு வேடிக்கை. நான்கு கதவு மாலிபு, கட்லஸ் கார்களில் பின் கதவுக் கண்ணாடி கீழே இறங்காது! கண்ணாடியை இறக்கும் சாமான்களை எடுத்துவிட்டால் எடை குறையும், முழங்கைக்கும் இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஓரத்தில் சின்னத் தடுக்குக் கண்ணாடி மட்டும் கொஞ்சம் திறக்கும். ஏ.சி. இல்லாத வண்டியில், ஜூலை வெயிலில், பின் சீட்டில் மூன்று பிள்ளைகள். கணக்குப் போட்டவர்கள் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்!

இதே மாலிபுவுக்கு இன்னொரு பயணமும் வாய்த்தது. 1981-ல் சதாம் உசேனின் இராக் அரசு, கனடாவில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையிடம் 25,500 மாலிபு கார்களுக்கு ஆர்டர் கொடுத்தது. பாதி போய்ச் சேர்ந்ததும், வண்டி சரியில்லை என்று சொல்லி மிச்சத்தை வேண்டாம் என்றுவிட்டது. அப்போது ஈரானோடு போர் நடந்துகொண்டிருந்தது, பணமும் நெருக்கடி. மிஞ்சிய சுமார் 12,500 கார்களை கனடா மக்களுக்கே மலிவு விலைக்கு விற்றார்கள். பாக்தாத் டாக்ஸியாக ஓட வேண்டிய வண்டிகள் கனடாவின் பனியில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போயின.

கடைசி வெற்றி

1980-களின் தொடக்கத்தில் ஃபோர்டு கம்பெனி நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது. இருந்ததையெல்லாம் பணயம் வைத்து ஒரு நடுத்தர காரை உருவாக்கினார்கள். வழக்கமாக டிசைனர் வரைந்து என்ஜினீயரிடம் தருவார், அவர் தொழிற்சாலையிடம் தருவார். இந்தத் தடவை எல்லோரும் முதல் நாளிலிருந்தே ஒன்றாக உட்கார்ந்தார்கள். காரைப் பூட்டும் தொழிலாளிகளிடமும் யோசனை கேட்டார்கள். போல்ட்டுகளின் தலை எல்லாம் ஒரே அளவாக இருந்தால் ஸ்பானர் மாற்றி மாற்றி எடுக்க வேண்டாமே என்பது போன்ற யோசனைகள் அங்கிருந்து வந்தன.

அப்படிப் பிறந்ததுதான் 1986 மாடல் 'டாரஸ்'. பெட்டி பெட்டியாக கார் ஓடிய காலத்தில் அது கூழாங்கல் மாதிரி வழவழப்பாக வந்து நின்றது. மிட்டாய் என்று கேலி செய்தார்கள். ஆனால் வாங்கினார்கள். 1992 முதல் 1996 வரை அமெரிக்காவில் அதிகம் விற்ற கார் அதுதான். 1997-ல் அந்த இடத்தை டொயோட்டா 'கேம்ரி' பிடித்தது.

ஜப்பான் கார் வந்து கெடுத்துவிட்டது என்று ஒரே வரியில் முடிக்கலாம். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. ஹோண்டா 'அக்கார்டு' 1982 முதல் ஒஹையோ மாநிலத்தில் அமெரிக்கத் தொழிலாளிகளின் கையால் தயாரானது. கேம்ரி 1988 முதல் கென்டக்கியில் தயாரானது. டாரஸுக்குப் பிறகு வந்த ஃபோர்டு 'ஃப்யூஷன்' தயாரானதோ மெக்ஸிகோவில்! எது அமெரிக்க கார்? பெயரைப் பார்ப்பதா, பூட்டிய கையைப் பார்ப்பதா?

ஜப்பான் கார்களை விடப் பெரிய அடி கொடுத்தவை எஸ்.யூ.வி.க்கள். சட்டத்தின் கண்ணில் அவை 'இலகு ரக லாரி'. மைலேஜ் விதிகளில் அவற்றுக்குச் சலுகை இருந்தது, லாபமும் அதிகம். மக்களுக்கும் உயரமாக உட்காருவது பிடித்துப்போனது. ஓல்ட்ஸ்மொபைல் என்ற கம்பெனியே 2004-ல் மூடப்பட்டது. டாரஸ் 2019-ல் அமெரிக்காவில் நின்றது. ஃப்யூஷன் 2020-ல். கடைசியாக மாலிபு.

போனது என்ன?

கார் போனால் கார், அதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு?

நினைவில் வைக்கச் சொன்ன கணக்கை இப்போது எடுங்கள். 1968-ல் நான்கு மாத வருமானத்துக்கு ஒரு புது கார். 2024-ல் அமெரிக்காவில் புது வண்டியின் சராசரி விலை 48,000 டாலர் அளவில் இருந்தது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் சுமார் 1 லட்சம் டாலர். கிட்டத்தட்ட ஆறு மாத வருமானம். அதுவும் பல வீடுகளில் கணவனும் மனைவியும் சேர்ந்து சம்பாதித்து! ஏர் பேக், ஏ.சி., கேமரா என்று வண்டி பல மடங்கு உயர்ந்துவிட்டது என்பது நிஜம். ஆனால் 'எனக்கு மிதமானது போதும்' என்று ஷோரூமுக்குப் போகிறவருக்கு, அவருடைய ஊர்க் கம்பெனியில் காட்ட வண்டி இல்லை.

அந்த நடுத்தர கார், நடுத்தர வாழ்க்கையின் அளவுகோலாக இருந்தது. தொழிற்சாலையில் அதைப் பூட்டியவரே சம்பளத்தை மிச்சம் பிடித்து அதை வாங்க முடிந்தது. ஒரே தெருவில் ஃபோர்மேன் வீட்டிலும் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டிலும் அதே மாலிபு நின்றது. ஒன்று பச்சை, ஒன்று நீலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

டெட்ராய்ட்டில் 1950-ல் 18 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். 2020-ல் சுமார் 6.4 லட்சம். 2013-ல் அந்த மாநகராட்சி திவாலானதாக அறிவித்தது. இதற்குக் காரணங்கள் பல உண்டு. இனக் கலவரம், புறநகருக்குக் குடிபெயர்ந்தவர்கள், இடம் மாறிய தொழிற்சாலைகள். ஆனாலும் ஒரு தொழிலை நம்பி வளர்ந்த ஊர் எப்படி இளைக்கும் என்பதற்கு அதுதான் பாடம். சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பெருமையாகச் சொல்கிறோம். மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை 2022-ல் தயாரிப்பை நிறுத்தியபோது அங்கே வேலை பார்த்தவர்களின் வீடுகளில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்தால், இந்தப் பட்டத்தைக் கொஞ்சம் கவனமாகத்தான் சூடிக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

அந்த நீள சீட்டும் போய்விட்டது. முன்பக்கம் மூன்று பேர் உட்காரும் கடைசி அமெரிக்க கார் 2013 மாடல் செவர்லே 'இம்பாலா'. இப்போது நடுவில் கப் வைக்கும் குழியும் செல்போன் சார்ஜரும் இருக்கின்றன. ஆளுக்கொரு இருக்கை, ஆளுக்கொரு ஏ.சி. காற்று, ஆளுக்கொரு இயர்போன். குழந்தை பின் சீட்டில் பெல்ட் போட்டுப் பத்திரமாக இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரேடியோவுக்குச் சண்டை போட மட்டும் ஆள் இல்லை.

அமெரிக்காவில் பல வருடம் வாழ்ந்த மாமாவோ சித்தியோ உங்கள் குடும்பத்தில் இருந்தால், அடுத்த வீடியோ காலில் ஒரு கேள்வி கேளுங்கள்: 'நீங்கள் முதன்முதலில் வாங்கிய கார் என்ன?' மற்ற கேள்விகளுக்கு 'நன்றாக இருக்கிறோம்' என்று இரண்டு வார்த்தையில் முடிப்பவர்கள், இதற்கு மட்டும் கலர், விலை, எந்தப் பனியில் எங்கே நின்றுபோனது என்பதுவரை சொல்வார்கள். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்!